கேடயத்தில் எழுதிய வம்சம்

மேற்கு ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சன்னல்களிலும் கோட்டை வாயில்களிலும் கல்லறைப் பலகைகளிலும், இன்றைக்குப் பல்கலைக்கழகச் சான்றிதழ்களிலும் கால்பந்து அணிகளின் சட்டைகளிலும்கூடக் காணப்படும், கேடய வடிவுக்குள் சிங்கமோ கழுகோ பட்டையோ சிலுவையோ தீட்டிய சின்னங்கள், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றிய ஒரு வழக்கத்திலிருந்து வந்தவை. ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டும் இத்தகைய சின்னத்தைக் குலச்சின்னம் என்றும், அதை வகுக்கவும் விவரிக்கவும் பதிவு செய்யவும் உரிய விதிகளின் தொகுதியை ஹெரால்ட்ரி, அதாவது குலச்சின்னக் கலை என்றும் வழங்கலாம். கேடயத்தில் படம் எழுதும் பழக்கம் அதற்கும் வெகுகாலம் முந்தியது. பண்டைக் கிரேக்க வீரர்கள் பாம்பையும் பறவையையும் கேடயங்களில் தீட்டிக்கொண்டார்கள், ரோமப் படைப்பிரிவுகள் கழுகுச் சின்னத்தை முன்னே ஏந்திச் சென்றன. ஆயினும் ஒருவர் எப்போதும் ஒரே சின்னத்தைத் தாங்குவது, அது நிலத்தையும் வீட்டையும் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது, அதன் வண்ணமும் வடிவமும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிகளுக்குக் கட்டுப்படுவது என்ற மூன்றும் ஒன்றுகூடிய பிறகுதான் குலச்சின்னக் கலை பிறந்தது.

அந்த மூன்றும் கூடாத ஒரு காலத்தை பாயூ திரைச்சீலை காட்டுகிறது. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற கதையைக் கம்பளி நூலால் தைத்துக் காட்டும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்தத் துணியில், வீரர்களின் கேடயங்களில் சிலுவைகளும் சிறகுள்ள விலங்குகளும் தென்படுகின்றன. ஆனால் யாருக்கு எது என்ற ஒழுங்கு எதையும் அவற்றில் காண முடிவதில்லை. ஹேஸ்டிங்ஸ் போரின் நடுவே வில்லியம் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியபோது, அவர் தலைக்கவசத்தை மேலே தூக்கித் தம் முகத்தைப் படையினருக்குக் காட்டும் காட்சியும் அதில் உள்ளது. தலைவர் உயிரோடிருப்பதை நிறுவ முகத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது, கேடயம் உதவவில்லை என்பதிலிருந்தே, அப்போது நிலையான சின்னம் எதுவும் வழக்கில் இல்லை என்பது விளங்கும். அடுத்த நூறாண்டுக்குள் இந்த நிலை தலைகீழாயிற்று.

மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தலைக்கவசம். மூக்கை மட்டும் மறைத்த கூம்பு வடிவத் தலைக்கவசம் படிப்படியாகக் கன்னங்களையும் மறைத்து, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணுக்கு இரு கீற்றுகள் மட்டும் விட்ட இரும்புப் பெட்டியாக மாறியது. உடலை மூடிய வளையக் கவசமும் எல்லாரையும் ஒரே தோற்றமாக்கியது. இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. சேறும் தூசும் நிறைந்த போர்க்களத்தைவிட, 12ஆம் நூற்றாண்டில் வடக்கு பிரான்சில் பரவிய டோர்னமென்ட் என்னும் போர்ப்போட்டிகளே அடையாளச் சின்னத்தை அவசியமாக்கியிருக்க வேண்டும். பிற்காலத்தில் கதைகளில் வருவதுபோல இருவர் எதிரெதிரே குதிரையில் மோதும் விளையாட்டாக அது தொடங்கவில்லை. இரு ஊர்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் பெருங்கூட்டமாகக் குதிரைவீரர்கள் அணிபிரிந்து மோதி, எதிரணியினரைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் பறித்து, மீட்புப் பணமும் வாங்கினர். பெரிய நிலவுடைமை இல்லாத இளைய மகனாகப் பிறந்த வில்லியம் மார்ஷல் என்ற வீரர் இவ்வாறுதான் பேரும் பொருளும் ஈட்டி, முடிவில் இங்கிலாந்து அரசின் காப்பாளர் பதவிவரை உயர்ந்தார். யார் யாரைப் பிடித்தார் என்பது பணத்தைத் தீர்மானிக்கும் இடத்தில், தொலைவிலிருந்தே ஆளை இனங்காண ஒரு குறி வேண்டியிருந்தது.

தலைக்கவசமும் போட்டியும் விளக்காமல் விடுவது ஒன்று உண்டு: களத்தில் ஆளை அறிய உதவும் குறி, அந்த ஆள் இறந்த பின்னும் ஏன் மகனுக்குத் தொடர வேண்டும்? இதற்கு விடை முத்திரைகளில் கிடைக்கிறது. நிலக்கொடைகளும் ஒப்பந்தங்களும் எழுத்தில் பதியத் தொடங்கிய அந்த நூற்றாண்டில், பெரும்பாலான பிரபுக்கள் கையொப்பத்துக்குப் பதிலாக மெழுகில் முத்திரை பதித்தனர். நிலவுடைமை பரம்பரைச் சொத்தாக உறுதிப்பட்டு வந்தது. குடும்பப் பெயர்களும் அதே காலத்தில்தான் நிலைபெற்றன. தந்தையின் நிலத்தை அடையும் மகன் தந்தையின் முத்திரையில் இருந்த உருவத்தையே தன் முத்திரையிலும் வெட்டிக்கொண்டது, உரிமைத் தொடர்ச்சியை மெய்ப்பிக்கும் சான்றாயிற்று. குதிரையேறிப் போர் புரியாத பெண்களும் திருச்சபையினரும் நகரங்களும் விரைவிலேயே சின்னங்களைக் கைக்கொண்டதற்கும், 13ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் உழவர்கள்கூடத் தங்கள் முத்திரைகளில் சின்னம் பொறித்துக்கொண்டதற்கும் இதுவே காரணம் எனலாம். கேடயம் அந்தச் சின்னத்தின் வடிவத்தைக் கொடுத்தது. அதை வம்சத்தின் உடைமையாக்கியது பத்திரம்.

பரம்பரைச் சின்னத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பிரான்சின் லமான் நகரில் பாதுகாக்கப்படுகிறது. 1151இல் இறந்த அஞ்சூ நாட்டுப் பிரபு ஜெஃப்ரியின் நினைவாக, செப்புத் தகட்டின்மேல் வண்ணக் கண்ணாடிப் பூச்சு உருக்கிச் செய்த எனாமல் பலகை அது. ஒரு முழத்தைவிட உயரமானது. வளைவு மாடத்தின் கீழ் ஜெஃப்ரி வலக்கையில் உருவிய வாளுடன் நிற்கிறார். தோள் முதல் கணுக்கால்வரை நீளும் அவருடைய கேடயம் முழுவதும் ஆழ்ந்த நீலம். அதன்மேல் பொன்னிறச் சிங்கங்கள் பின்னங்காலில் எழுந்து நகம் நீட்டி நிற்கின்றன. தலையில் உள்ள கூர்த்தொப்பியிலும் ஒரு சிங்கம். 1128இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி, தம் மகள் மட்டில்டாவை மணக்கவிருந்த ஜெஃப்ரிக்கு நைட் என்ற வீரப் பட்டம் அளித்தபோது பொற்சிங்கக் கேடயம் ஒன்றை அவர் கழுத்தில் மாட்டினார் என்று ஜான் என்னும் துறவி ஒருவர் எழுதிவைத்தார். ஆனால் அவர் எழுதியது நிகழ்ச்சி நடந்து பல பதிற்றாண்டுகள் கழித்து என்பதால், 1128ஐக் குலச்சின்னக் கலையின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது மிகை. எனாமல் பலகையை விடவும் வலுவான சான்று சாலிஸ்பரி பேராலயத்தில் உள்ளது. 1226இல் இறந்து அங்கே அடக்கமான வில்லியம் லாங்ஸ்பீ, ஜெஃப்ரியின் மகனான அரசர் இரண்டாம் ஹென்றிக்கு மண உறவுக்கு வெளியே பிறந்தவர். அவருடைய கல்லுருவம் தாங்கும் கேடயத்திலும் நீலப் புலத்தில் பொற்சிங்கங்கள் நிற்கின்றன. பாட்டனின் கேடயத்தைப் பேரன் ஏந்தினார் என்பதைக் கண்ணெதிரே காட்டும் இந்த இணை, பரம்பரைச் சின்னம் தோன்றிவிட்டதற்கு ஐயமற்ற அத்தாட்சி. லாங்ஸ்பீயின் அண்ணன் முறையான அரசர் முதலாம் ரிச்சர்டு தம் இரண்டாவது பெருமுத்திரையில் பொறித்த, ஒன்றன்கீழ் ஒன்றாக நடக்கும் மூன்று சிங்கங்கள் இன்றும் இங்கிலாந்தின் சின்னமாக உள்ளன.

சின்னங்கள் பெருகியபோது அவற்றை நினைவில் வைத்து இனங்கூறும் தொழில்வல்லார் குழு ஒன்று உருவாயிற்று. ஹெரால்டு எனப்பட்ட இவர்கள் முதலில் போட்டிகளை ஊருக்கு ஊர் அறிவித்து, களமிறங்கும் வீரரின் பெயரையும் புகழையும் உரக்கச் சொல்லிப் பரிசில் பெற்ற கட்டியக்காரர்கள். கேடயங்களை நோக்கியே ஆளைச் சொல்ல வேண்டியிருந்ததால் சின்ன அறிவு அவர்களுடைய மூலதனமாயிற்று. 13ஆம் நூற்றாண்டு முதல் தோல்சுருள்களில் நூற்றுக்கணக்கான கேடயங்களை வண்ணத்தில் வரைந்தும் சொல்லில் விவரித்தும் பட்டியலிட்டனர். 1300இல் ஸ்காட்லாந்தின் கார்லாவராக் கோட்டையை முதலாம் எட்வர்டு முற்றுகையிட்டபோது, அங்கே பறந்த நூற்றுக்கும் மேற்பட்ட கொடிகளை ஒவ்வொன்றாக வருணிக்கும் ஒரு பிரெஞ்சுச் செய்யுள் எழுந்தது. 1484இல் அரசர் மூன்றாம் ரிச்சர்டு இங்கிலாந்தின் கட்டியக்காரர்களுக்கு உரிமைப் பட்டயம் அளித்து ஒரு கழகமாக்கினார். காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அந்த நிறுவனம் லண்டனில் இன்றும் இயங்குகிறது.

விதிகளில் முதன்மையானது வண்ணத்தைப் பற்றியது. பொன், வெள்ளி ஆகிய இரண்டும் உலோகங்கள் எனப்பட்டன. ஓவியத்தில் அவை மஞ்சளாகவும் வெண்மையாகவும் வரும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, அரிதாக ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக்கூடாது என்பது விதி. நீலத்தின்மேல் பொன் வரலாம், நீலத்தின்மேல் சிவப்பு வராது. தொலைவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த இந்த விதியை இடைக்காலம் வியப்பூட்டும் அளவுக்குக் கடைப்பிடித்தது. வெள்ளிப் புலத்தில் பொற்சிலுவைகளைக் கொண்ட ஜெருசலேம் அரசின் சின்னம் புகழ்பெற்ற விலக்கு. சின்னத்தைச் சொல்லால் விவரிக்கும் முறைக்கு பிளேசன் என்று பெயர். அதுவே சட்டப்படியான மூலம், ஓவியம் அதன் ஒரு வடிவம் மட்டுமே என்பதால், சிங்கத்தின் வாலை ஓவியர் எப்படி வளைத்தாலும் சின்னம் மாறுவதில்லை. வலம், இடம் என்பன கேடயத்தைப் பிடித்திருப்பவர் நோக்கில் சொல்லப்படும். பார்ப்பவருக்கு அவை எதிர்ப்பக்கமாகத் தெரியும். அச்சுக் கலை வந்தபின் வண்ணமில்லாத பக்கங்களில் வண்ணத்தைக் குறிக்கும் இடர்ப்பாடு எழுந்தது. அதற்கு 17ஆம் நூற்றாண்டில் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி பரப்பிய முறையில், பொன்னுக்குப் புள்ளிகளும் சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகளும் நீலத்துக்குக் கிடைக்கோடுகளும் வழங்கின.

ஒரு சின்னம் உரியவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை ஒரு வழக்கைப்போல வேறு எதுவும் உணர்த்தாது. 1385இல் அரசர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின்மேல் படையெடுத்துச் சென்றபோது, யார்க்‌ஷயரைச் சேர்ந்த சர் ரிச்சர்டு ஸ்க்ரோப், செஷயரைச் சேர்ந்த சர் ராபர்ட் குரோவ்னர் ஆகிய இருவரும், நீலப் புலத்தில் பொன்னிறச் சாய்பட்டை ஒன்று ஓடும் ஒரே சின்னத்தைத் தாங்கி வந்திருப்பது தெரியவந்தது. வழக்கு வீரப் பண்புக்கான நீதிமன்றத்துக்குப் போய் ஐந்தாண்டு நீடித்தது. அரசரின் சிற்றப்பா ஜான் ஆஃப் கான்ட் உட்பட நூற்றுக்கணக்கானோர் சாட்சி கூறினர். முதிய வீரர்கள் எந்தப் போரில் யாரிடம் அந்தக் கேடயத்தைக் கண்டோம் என்றனர், மடங்களின் தலைவர்கள் தங்கள் சன்னல் கண்ணாடியிலும் கல்லறையிலும் அது இருப்பதைச் சொன்னார்கள். கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1386இல் அளித்த சாட்சியம் அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கே அரிய ஆவணமாகிவிட்டது: லண்டனின் ஃபிரைடே தெருவில் நடந்தபோது ஒரு விடுதியின் வெளியே அந்தச் சின்னம் தொங்கக் கண்டு, ஸ்க்ரோப் வந்து தங்கியிருக்கிறாரோ என்று கேட்டதாகவும், அது குரோவ்னருடையது என்று விடை வந்ததாகவும், அதுவரை அப்படியொரு பெயரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றும் அவர் கூறினார். 1389இல் தீர்ப்பு ஸ்க்ரோப்புக்குச் சார்பாகியது. சுற்றிலும் வெள்ளி விளிம்பு சேர்த்து அதே சின்னத்தைக் குரோவ்னர் வைத்துக்கொள்ளலாம் என்று சலுகையும் தரப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த அரசர், எளிய விளிம்பு நெருங்கிய இரத்த உறவினருக்கே பொருந்தும், அயலாருக்குப் பொருந்தாது என்று கூறி 1390இல் அந்தச் சலுகையையும் நீக்கினார். குரோவ்னர் குடும்பம் சாய்பட்டையைக் கைவிட்டு, நீலத்தில் பொன்னிறக் கோதுமைக்கட்டு ஒன்றை ஏற்றது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அந்தக் குடும்பத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தம் பந்தயக் குதிரைக்குப் பொன் சாய்பட்டை என்று பொருள்படும் பெண்ட் ஆர் என்ற பெயரை இட்டார். அது 1880இல் டெர்பி பந்தயத்தை வென்றது. இழந்த சின்னத்தின் நினைவை அந்தக் குடும்பம் அத்தனை தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறது.

அரசரின் தீர்ப்பில் குலச்சின்னத்தின் உட்பொருள் அடங்கியிருக்கிறது. சிறு வேறுபாடு உறவைச் சொல்லும் என்பதால்தான் அதை அயலாருக்குக் கொடுக்க முடியவில்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை மூத்த மகன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல்களுள்ள பட்டை ஒன்றைச் சேர்த்துத் தாங்குவான். இரண்டாம் மகனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன் என்று ஒரு வரிசையைப் பிற்கால இங்கிலாந்து வகுத்தது. மனைவியின் குடும்பச் சின்னம் கணவனுடையதோடு ஒரே கேடயத்தில் பாதிக்குப் பாதி இணையும். மனைவி ஆண் வாரிசற்ற வீட்டின் உரிமைப் பெண்ணாக இருந்தால், பிள்ளைகள் இரு சின்னங்களையும் நான்கு கட்டங்களில் மாறிமாறி அமைத்துக்கொள்வர். இந்த இலக்கணம் தெரிந்தவருக்கு ஒரு கேடயம் மணங்களையும் மரபுரிமைகளையும் பேசும் வம்சாவளிப் பட்டியலாகிவிடும். 1340இல் மூன்றாம் எட்வர்டு, தம் தாய்வழியில் பிரான்சின் அரியணை தமக்கே உரியது என்று முழங்கியபோது, பிரான்சின் நீலப் புலத்துப் பொன் லில்லி மலர்களை இங்கிலாந்தின் சிங்கங்களோடு நாற்கூறாகச் சேர்த்தார். பிரான்சில் இருந்த நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகும் அந்த மலர்கள் 1801வரை ஆங்கிலேய அரசர்களின் கேடயத்திலிருந்து நீங்கவில்லை.

சிங்கம் வீரத்தைக் குறிக்கும், சிவப்பு போர்க்குணத்தையும் நீலம் வாய்மையையும் குறிக்கும் என்று நிறத்துக்கும் உருவுக்கும் குணம் ஒதுக்கும் பட்டியல்களை நம்பிக் குலச்சின்னங்களைப் படிப்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். இடைக்கால விலங்கு நூல்கள் சிங்கம் கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் என்றும், பெலிகன் பறவை தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளைக் காக்கும் என்றும் கூறியது உண்மைதான். பெலிகனை ஒரு சமய நிறுவனம் தேர்ந்தபோது கிறித்துவின் தியாகமே மனத்தில் இருந்தது. ஆனால் நிறங்களைக் கோள்களோடும் மணிகளோடும் நற்குணங்களோடும் இணைத்த நூல்கள், சின்னங்கள் வழக்கில் வந்து நெடுங்காலம் கழித்தே பெருகின. ஃபிளாண்டர்ஸ், பிரபான்ட், ஹாலந்து, லக்ஸம்பர்க் என அடுத்தடுத்த நாடுகளின் பிரபுக்கள் அனைவரும் சிங்கத்தையே தாங்கியதற்கு, உறவும் போட்டியும் பார்த்துச் செய்தலும் போதிய விளக்கங்கள். குணத்தைவிடப் பெயரே அதிகம் பேசியது: 1230இல் மூன்றாம் ஃபெர்டினாண்டின் கீழ் ஒன்றான ஸ்பெயின் நாட்டுக் காஸ்டீல், லியோன் அரசுகளில் முன்னது கோட்டையையும் பின்னது சிங்கத்தையும் தாங்கியது பெயரின் ஒலி கருதியே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தேர்தல் சின்னத்தைக் கண்டு கட்சியைச் சொல்வதுபோல, கோட்டையைக் கண்டவர் காஸ்டீல் என்றார். 1596இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஜான் ஷேக்ஸ்பியருக்கு வழங்கப்பட்ட சின்னத்திலும், பெயரின் பிற்பகுதிக்கு ஏற்ப, பொன் புலத்துக் கறுப்புச் சாய்பட்டையின்மேல் ஓர் ஈட்டி கிடக்கிறது. நாடகக்காரர் குடும்பத்துக்குச் சின்னமா என்று ரால்ஃப் புரூக் என்ற கட்டியக்காரர் 1602இல் குறை கூறினார். அந்தப் பட்டை இன்னொரு பிரபு குடும்பத்துக்கு உரியது என்ற வாதமும் எழுந்தது. ஈட்டி போதிய வேறுபாடு என்றும், ஜான் ஊர்த் தலைமைப் பதவி வகித்தவர் என்றும் சின்னம் வழங்கியோர் விடையிறுத்தனர்.

குலச்சின்னம் பிரபுக்களின் தனியுரிமை என்ற எண்ணமும் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 14ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இத்தாலியச் சட்ட அறிஞர் பார்தோலோ, பெயரைப் போலவே சின்னத்தையும் எவரும் தாமே தேர்ந்துகொள்ளலாம், பிறருடையதைப் பறிக்காதவரை தடையில்லை என்ற கருத்தை நிறுவினார். நெதர்லாந்தின் வணிகக் குடும்பங்கள் எந்த அரசரிடமும் கேட்காமல் சின்னம் வைத்துக்கொண்டன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் பலகைகளில், கேடயமும் அதன்மேல் தலைக்கவசமும் அதைச் சுற்றி இலைபோல் சுருண்டு விழும் துணியும் நுணுக்கமாகச் செதுக்கியிருப்பதைக் காணலாம். துறைமுகத்துக்கு வந்து மறைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களின் குடும்பச் சின்னங்கள் அவை. அந்தத் துணி, வெயிலுக்கும் மழைக்கும் இரும்புக் கவசத்தின்மேல் போர்த்திய உறை அலங்காரமாக எஞ்சியது. பிரான்சில் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட 1696இல் சின்னம் வைத்திருப்போர் அனைவரும் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும் என ஆணையிட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் பதிவாயின. அவற்றுள் கைவினைஞர்களுடையவும் கடைக்காரர்களுடையவும் ஏராளம். புரட்சி அரசு 1790இல் பிரபுப் பட்டங்களோடு சின்னங்களையும் ஒழித்ததில் வரலாற்றுக்கு இழைத்த ஓர் அநீதி உண்டு. பிரபுக்களின் ஆடம்பரம் என்று கருதிச் செதுக்கி எறியப்பட்டவற்றில் சாதாரண மக்களின் நினைவுகளும் இருந்தன.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1530 முதல் 1688 வரை கட்டியக்காரர்கள் மாவட்டந்தோறும் சுற்றி, ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்து வம்சாவளிச் சான்று கேட்டு, உரிமை நிறுவாதவர்களின் பெயர்களைப் பொதுவில் அறிவித்தனர். அந்தப் பதிவேடுகள் இன்று குடும்ப வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். சாசர் சாட்சி கூறிய அதே வீரப் பண்புக்கான நீதிமன்றம், 1737க்குப் பின் கூடாமல் இருந்து, 1954இல் மீண்டும் கூடியது. மான்செஸ்டர் நகராட்சியின் சின்னத்தைத் தன் திரையில் காட்டிய நாடக அரங்கு ஒன்றின்மேல் நகராட்சி தொடுத்த வழக்கில் நகராட்சியே வென்றது. ஸ்காட்லாந்தில் லார்டு லயன் என்னும் அதிகாரியின் நீதிமன்றம் இன்றும் நடைபெறுகிறது. பதிவில்லாமல் சின்னம் தாங்குவது அங்கே சட்டப்படி குற்றம். இந்தப் பின்னணியில், குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய சின்னத்தை அச்சிட்டுச் சட்டகமிட்டுத் தருவதாக விற்கும் கடைகளின் சரக்குக்கு இங்கிலாந்து மரபில் மதிப்பில்லை. சின்னம் ஒரு பெயருக்கு உரியதன்று, அதை முதலில் பெற்றவருக்கும் அவருடைய ஆண்வழி மரபினருக்கும் உரியது. ஸ்மித் என்ற ஒரே பெயருள்ள வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு சின்னங்கள் தாங்கியிருக்கின்றன, பல ஸ்மித் குடும்பங்களுக்குச் சின்னமே இருந்ததில்லை. தமக்கொரு சின்னம் வேண்டுபவர் அத்தகைய வம்சத் தொடர்ச்சியை ஆவணங்களால் நிறுவ வேண்டும், இல்லையெனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, இதுவரை எவரும் தாங்காத ஒன்றைப் புதிதாகப் பெற வேண்டும்.